பிரிட்ஜ் ரிப்பேர்

மாமா முதலில் நுழைந்தது பக்கத்துத் தையல் கடைக்குள். அங்கே யாருக்கோ கால்சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்களாம். "என் பொண்டாட்டியைக் கண்டுபிடிச்சுக் குடுங்க!" என்று மாமா கதறிய கதறலில் தையல்காரர் டேப்பை நழுவவிட்டு, "ஐயா, நாங்க துணி மட்டும்தான் தைக்கிறோம்" என்று சொல்லி எதிர்ப்பக்கம் கைகாட்டி அனுப்பியிருக்கிறார்.

வேறொரு நாளாக இருந்தால் இந்த ஒன்றை வைத்தே வாயாடி ஒரு வாரம் ஓட்டியிருப்பான். துப்பறியும் அலுவலகத்தின் ஒரே உதவியாளன் அவன். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று எங்கோ இருக்கிறது. ஆனால் பழகியவர்கள் எல்லோரும் கூடி வைத்த பெயர் 'வாயாடி'. இன்றைக்கு அந்த வாய்க்கு வேலையில்லை. காணாமல் போனவள் அவனுடைய அக்கா. கூடப் பிறந்த ஒரே அக்கா. நேற்றுக் காலையிலிருந்து ஆளையும் காணோம், போனும் எடுக்கவில்லை.

"மாடியில இடது பக்கக் கதவுன்னு தெளிவாத்தானே சொன்னேன் மாமா?"

"இடதுக்குத்தான் போனேன் மாப்ளே. கட்டடத்தோட இடது." மாமா மூச்சிரைக்க நாற்காலியில் சரிந்தார்.

மாமாவுக்கு இது தொழில் வியாதி. பல் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கான் பல், கேப் எல்லாம் செய்துகொடுப்பது வேலை. அந்தத் தொழிலில் வலது என்றால் எதிரே வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவருடைய வலது; பார்க்கிறவனுக்கு அது இடது. இத்தனை வருஷம் அப்படியே பார்த்துப் பார்த்து, மாமாவுக்கு வீடு, கடை, கட்டடம் எல்லாமே தன்னைப் பார்த்து வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் ஆகிவிட்டன. வழி கேட்டு அவர் போய்ச் சேர்ந்த கல்யாணங்களில் பாதி வேறு யாருடைய கல்யாணமோ!

மேஜைக்கு அந்தப் பக்கம் துருவி உட்கார்ந்திருந்தாள். அந்த அலுவலகத்தை நடத்துகிறவள், ஐம்பதைத் தாண்டியவள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்த பெயர். நேரில் அவளை வாயாடி 'மேடம்' என்பான். ஊரான் விஷயத்தில் இத்தனை கெட்டிக்காரி, தன் கடைவாய்ப் பல்லில் போட்ட கேப் ஆட ஆரம்பித்ததிலிருந்து டாக்டரிடம் போகச் சோம்பல்பட்டு ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறாள்.

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நகத்துண்டு அளவுக்கு ஒரு வெள்ளைச் சில்லு.

"சமையலறைத் தரையில கிடந்துச்சு மேடம். அவ முன்பல்லு. கட்டுப்பல்லுதான், என் கையால நானே செஞ்சது. எவனோ வீடு புகுந்து இழுத்துட்டுப் போயிருக்கான். அப்ப உடைஞ்சிருக்கு."

"ரத்தம்?"

"கொஞ்சம் இருந்துச்சு. துடைச்சுட்டேன். பார்க்க மனசு தாங்கல."

"போலீஸ்?"

"ஐயோ, வேண்டாம் மேடம். நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். எனக்குத் தெரிஞ்ச பல் டாக்டர் எல்லார்கிட்டயும் விசாரிச்சுட்டேன். உடைஞ்ச பல்லோட அவ யார்கிட்டயும் வரலையாம். இனிமே நீங்கதான்."

துருவி சில்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் ஒரு ஓரத்தைத் தடவினாள். "வீட்டுச் சாவியைக் குடுங்க. நீங்க வர வேண்டாம்" என்றாள்.

கிளம்பும்போது மாமா வாயாடியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, என்ன தெரிஞ்சாலும் உடனே எனக்குச் சொல்லிடுடா. இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்." அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் வாயாடிக்கும் பொங்கிவிட்டது. பாவம், எப்படித் தவிக்கிறார் மனுஷன்!

"சொல்றேன் மாமா. சத்தியமா."

அக்கா வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அதுதான் வாயாடிக்குத் தாங்க முடியவில்லை. அடுப்பு மேடையில் கவிழ்த்த பாத்திரம், ஆணியில் அக்காவின் கைப்பை, கதவுக்குப் பின்னால் அவள் செருப்பு. ஆளைத் தவிர எல்லாம் இருந்தது. அழுகையை மறைக்க அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி.

"மேடம், நீங்க துப்பறிய வந்தீங்களா, தண்ணி குடிக்க வந்தீங்களா?"

துருவி பிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். "நல்லாக் குளிருது" என்றாள்.

"அப்ப மாமா சரி பண்ணிட்டார் போல."

"எதை?"

"பிரிட்ஜைத்தான். முந்தாநாள் சாயங்காலம் ரிப்பேர்னு அக்கா மெசேஜ் போட்டிருந்தாளே." அவன் போனை நீட்டினான்.

'பிரிட்ஜ் மறுபடியும் ரிப்பேர்டா. இனி தாங்காது. வந்துட்டுப் போறியா?' என்று அக்கா எழுதியிருந்தாள். கீழே அவனுடைய பதில்: 'நான் என்ன மெக்கானிக்கா? மாமாகிட்ட சொல்லு.' பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு மஞ்சள் மூஞ்சி.

துருவி பிரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சுவரோரத்துத் தூசி கலையாமல் கிடந்தது. "இதை யாரும் நகர்த்தினதாகவே தெரியலையே" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. அப்புறம் கைகழுவும் தொட்டிப் பக்கம் போனாள்.

"பிரஷ் இருக்கு மேடம். பேஸ்ட் இருக்கு. சீப்பு இருக்கு." வாயாடி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். "தானாப் போறவ பிரஷ் இல்லாம போவாளா? இழுத்துட்டுத்தான் போயிருக்கானுங்க."

"கட்டுப்பல் வெச்சிருக்கிறவங்களுக்கு பிரஷ் மட்டும் போதுமா?"

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அக்கா இந்தக் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு முனை விறைப்பாகவும் நடுவில் பஞ்சு மாதிரியும் இருக்கும் ஒரு நூலை எடுப்பாள். அவளுடைய மூன்று முன்பற்களும் ஒரே துண்டு. நடுப்பல்லுக்கு வேர் கிடையாது, ஈறின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் மாதிரி இரண்டு பல்லுக்கு நடுவே நூல் விட முடியாது. பக்கவாட்டில் கோத்து, அடியில் நுழைத்து, இப்படியும் அப்படியுமாக இழுத்து அழுக்கை எடுக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் ஈறு வீங்கிவிடும். 'என்னக்கா, வாய்க்குள்ள தையல் மெஷின் வெச்சிருக்கியா?' என்று அவன் கேட்பான். வாய் நிறைய நூலோடு அவளால் திட்டவும் முடியாது, காலால் உதைப்பாள்.

"அந்த நூல் இங்க இல்லையே மேடம்!"

துருவி ஏற்கெனவே குப்பைக்கூடையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடியிலிருந்து ஒரு காலி உறையை எடுத்தாள். அதன்மேல் மங்கலாக ஒரு ரப்பர் முத்திரை. ஒரு பல் மருத்துவமனையின் பெயரும் தெருவும். "உங்க மாமா விசாரிச்ச டாக்டர்கள்ல இந்த டாக்டர் இருப்பாங்கன்னு எனக்குத் தோணல" என்றாள். "பிரஷ் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இந்த நூல் கிடைக்காது. இழுத்துட்டுப் போறவன், 'அம்மா, பல் நூலை எடுத்துக்கோங்க'ன்னு வாசல்ல காத்துட்டு நிக்க மாட்டான்."

அப்படியென்றால் அக்கா தன் காலால் நடந்து போயிருக்கிறாள். உயிரோடு போயிருக்கிறாள்.

"இதை யார்கிட்டயும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. புரியுதா?"

அவன் வாயைத் திறக்கவில்லை. ஆட்டோவில் போகும்போது, அங்கே தவித்துக்கொண்டிருக்கும் மாமாவை நினைத்து மனசு கேளாமல், போனை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தட்டினான். மருத்துவமனை பெயர், தெரு, எல்லாம்.

மருத்துவமனை ஒரு பழைய தெருவில் கீழ்த்தளத்தில் இருந்தது. காத்திருக்கும் அறை, அதற்கு உள்ளே ஒரே ஒரு நாற்காலி, ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடம். துருவி நோயாளியாகவே உள்ளே போனாள். நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளைச் சாயவைத்து, ஆடுகிற கேப்பை டாக்டரம்மா விரலால் அழுத்தினார். ஓரத்தில் குட்டிக் குட்டியாக எச்சில் குமிழி வந்தது.

"பார்த்தீங்களா? கேப்புக்குள்ள இருக்கிற பசை கரைஞ்சுபோச்சு. எச்சில் உள்ள போயிட்டு வந்துட்டு இருக்கு. கேப் போட்டாச்சு, இனிமே கவலையில்லன்னு எல்லாரும் நினைக்கறாங்க. கேப்புக்குச் சொத்தை வராது, உள்ள இருக்கிறது உங்க சொந்தப் பல்லும்மா. வெளியில பளபளன்னு இருக்கும்போதே உள்ள அழுகிடும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா முழுங்கியே இருப்பீங்க."

"ஆ" என்றாள் துருவி. வாய்க்குள் இரண்டு விரல் இருக்கும்போது வேறு என்ன சொல்வாள்.

அப்போது நர்ஸ் கதவோரம் வந்து, "டாக்டர், எதிர் மாடியில இருக்கிற அம்மாவுக்கு முன்பல் வலி தாங்கலையாம். பால்கூட இறங்கலையாம்" என்றாள். டாக்டரம்மா சட்டென்று அவளை முறைத்தார்.

வாசற்படியில் நின்ற வாயாடியின் காதில் அது தேனாகப் பாய்ந்தது. முன்பல்! எதிர் மாடி! சந்தோஷத்தில், 'அக்கா கிடைச்சுட்டா மாமா! கிளினிக்குக்கு எதிர்ல, மாடியில!' என்று தட்டி அனுப்பினான். அனுப்பிய கையோடு உள்ளே ஓடினான்.

"டாக்டர், நான் அவ தம்பி. அவ எப்படி இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

டாக்டரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் துளி இரக்கம் இல்லை. "ஓ" என்றார். "மெக்கானிக் இல்லாத தம்பி நீங்கதானா?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்த துருவி, உள்ளங்கையில் அந்தச் சில்லை வைத்து நீட்டினாள்.

டாக்டரம்மா அதை வாங்கி விளக்குக்கு அடியில் திருப்பிப் பார்த்தார். "அவங்க பிரிட்ஜோட துண்டுதான்" என்றார்.

"என்னது?" என்றான் வாயாடி.

"பிரிட்ஜ். ரெண்டு பக்கத்துப் பல்லையும் தூண் மாதிரி வெச்சு, நடுவுல இல்லாத பல்லுக்குக் கட்டற பாலம். நீங்க கட்டுப்பல்னு சொல்லுவீங்க. நாங்க பிரிட்ஜ்னுதான் சொல்லுவோம். அவங்களும் இங்க வந்து வந்து அப்படியே பழகிட்டாங்க."

பிரிட்ஜ் மறுபடியும் ரிப்பேர்டா. இனி தாங்காது. வந்துட்டுப் போறியா?

அவன் போனை எடுத்து அந்த மெசேஜை மறுபடியும் பார்த்தான். "மறுபடியும்னா...?"

"எனக்குத் தெரிஞ்சு இது மூணாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஐஸ்கட்டியைக் கடிச்சேன்னு சொல்வாங்க. கடிச்சு உடைஞ்சா பல்லோட நுனிதான் தெறிக்கும். இதுல நுனி அப்படியே இருக்கு, முகப்புதான் பேந்து வந்திருக்கு. வெளியிலிருந்து விழுந்த அடி." டாக்டரம்மா கையுறையைக் கழற்றி வீசினார். "கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிச் சரி பண்ணலாம்னேன். 'வேண்டாம் டாக்டர், எந்தப் பட்டறைக்குப் போனாலும் அவர் காதுக்குப் போயிடும்'னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. வாய்க்குள்ளயே, உடைஞ்ச இடத்தைச் சொரசொரப்பாக்கி, பல் நிறத்துல பசை பூசி, நீல வெளிச்சம் காட்டி இறுக வெச்சு அனுப்பினேன். ரெண்டு தடவை ஒட்டினேன். இந்தத் தடவை ஒட்ட முடியல. தாங்கற பல்லே ஆடுது. அதனால வீட்டுக்கே அனுப்பல, எதிர் மாடியில தங்க வெச்சிருக்கேன்."

"யார் அடிச்சது?" என்று கேட்டான் வாயாடி. பதில் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டான்.

"பல்லைச் செஞ்சவரே."

ஐயோ அக்கா! ஐஸ்கட்டி கதையை நம்பி அவளுக்கு 'ஐஸ் மகாராணி' என்று பட்டப்பெயர் வைத்து, சாப்பாட்டு மேஜையில் எத்தனை முறை சிரிக்கவைத்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து மாமாவும் விழுந்து விழுந்து சிரித்தாரே. சிரித்தாரா? சிரித்தான். அந்த ஆளுக்கு இனிமேல் மரியாதை ஒரு கேடா!

"கடத்திட்டுப் போனவங்களைத் தேடறவர் எதுக்குப் பல் டாக்டர்கள்கிட்ட விசாரிக்கறார்னு காலையிலேயே எனக்கு உறுத்துச்சு" என்றாள் துருவி. "பெண்டாட்டி ஓடிட்டான்னு அவருக்குத் தெரியும். நம்மளை மோப்பம் பிடிக்க விட்டிருக்கார்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்!"

"சொன்னா உன் வாய்ல நிக்குமா?"

வாயாடி போனை நீட்டினான். அவன் அனுப்பிய இரண்டு செய்திகளும் இருந்தன. இரண்டாவதற்குக் கீழே பதிலும் வந்திருந்தது: 'பக்கத்துலதான் இருக்கேன். வந்துட்டேன்.'

துருவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மாடியில அவங்க எந்தப் பக்கம்?" என்று டாக்டரம்மாவைக் கேட்டாள்.

"இங்கிருந்து பார்த்தா இடது. வலது பக்கம் என் ஸ்டோர் ரூம். பழைய பல் அச்சு எல்லாம் போட்டு வெச்சிருக்கேன்."

"ஸ்டோர் ரூம் சாவி குடுங்க. போலீஸுக்கு உடனே போன் போடுங்க." சாவியைப் பறித்துக்கொண்டு அந்த வயதில் அவள் ஓடிய ஓட்டத்தை வாயாடி அதற்கு முன் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்தது: எதிர்க் கட்டடத்தின் நடுவில் இருந்த படியில் ஏறினாள், வலது கதவைத் திறந்து விரியத் தள்ளினாள், மொட்டைமாடிப் படிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

போன் அடித்தது.

"மாப்ளே." குரலில் இப்போது அழுகை இல்லை. "எதிர் மாடின்னியே, கட்டடத்துக்குக் கீழதான் நிக்கறேன். மேல ரெண்டு கதவு தெரியுது. எந்தப் பக்கம்?"

அவன் ஜன்னலில் பார்த்தான். அந்த ஆள் தெருவில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் போன். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதில் பட்டறையில் அச்சு உடைக்கும் சின்னச் சுத்தியல்.

வலது என்று சொல்லத்தான் வாயாடி வாயைத் திறந்தான். "வ" வரைக்கும் வந்துவிட்டது. சட்டென்று தையல் கடை ஞாபகம் வந்தது. இவனிடம் பொய் சொன்னால் அது உண்மையாகிவிடும்! வலது என்றால் நேரே அக்கா கதவில் போய் நிற்பான். உண்மையைச் சொன்னால்தான் தப்பிக்கலாம். ஆனால் காலையில்தான் அத்தனை பேர் முன்னால் அசடு வழிந்திருக்கிறான். இந்த ஒரு தடவை சுதாரித்துக்கொண்டு சரியான பக்கம் போய்விட்டால்? அக்காவின் உயிரை அவளுடைய தம்பியே வழிகாட்டிக் கொடுத்ததாக ஆகிவிடுமே.

"வ... வந்துட்டீங்களா மாமா? நல்லதாப் போச்சு." போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "இடது பக்கம். இடது பக்கக் கதவு மாமா."

"இடது" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே அந்த ஆள் படி ஏறினான்.

மேலே போய் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றான். மூடியிருந்த இடது கதவைப் பார்த்தான். அதை நோக்கி ஓர் அடி வைத்தான். வாயாடி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். பிறந்ததிலிருந்து வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டினான்.

கண்ணைத் திறந்தபோது வராந்தாவில் துருவி மட்டும் இருந்தாள். வலது கதவின் தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். கதவு அதிர்ந்துகொண்டிருந்தது.

"மாப்ளே!" போனில் அலறல். "என்னடா இது, ஒரே பல்லா இருக்கு! இது எந்தப் பக்கம்டா?"

"கட்டடத்தோட இடது" என்று சொல்லிவிட்டு வாயாடி போனை வைத்தான்.

எதிர் மாடிப் படியை எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. தெரு முனையில் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டது. துருவி தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஓடி வந்ததுல கேப் கழண்டு விழுந்துடுச்சுடா. அப்புறம் தேடலாம். நீ போ" என்று இடது கதவைக் காட்டினாள்.

அவன் தட்டினான். உள்ளே மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் உறைந்துபோய் நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. மறுபடியும் தட்டினான்.

"யாரு?" என்று காற்றுப் போகிற ஒரு குரல் கேட்டது. முன்பல் இல்லாத வாயின் குரல்.

அக்கா என்று கூப்பிட முடியவில்லை. மன்னிச்சுடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. இத்தனை நாள் பேசிய பேச்சிலிருந்து அவனுக்கு உருப்படியாக ஒன்றுதான் கிடைத்தது.

"பிரிட்ஜ் ரிப்பேர்னு மெசேஜ் வந்துச்சு" என்றான், நெற்றியைக் கதவில் வைத்து. "மெக்கானிக் வந்திருக்கேன்."

உள்ளே ஏதோ கீழே விழுந்தது. அப்புறம் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.